சங்கும் அதன் சாதியும்

சென்ற தவணையில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் அம்மம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த சங்கொன்றை வகுப்பிற்கு எடுத்து வந்து, "சேர், இதற்கு விஞ்ஞானப் பெயர் என்ன?" என வினவினாள். யான் பழைய நூலொன்றிற் கற்ற 'சாங்கஸ் பைரம்' என்பதைச் சொன்னேன். மறுவாரம் அவள் தானே தேடிப் பார்த்து, 'டர்பினெல்லா பைரம்' என்று எழுதி வந்து நீட்டினாள். அவள் எழுதியதே சரி. எனினும் என் விடை முழுப் பிழையுமன்று. அதன் கதை இது.

சங்கு, மெல்லுடலிக் கணத்தில் வயிற்றுக்காலி வகுப்பைச் சேர்ந்த கடல் நத்தை. இந்திய, இலங்கைக் கடல்களின் மணற்பாங்கான அடித்தளத்தில் வாழ்ந்து, புழுக்களைத் தின்னும். உயிருடன் எடுக்கும்போது அதன் வெண்மை தெரியாது; கபில நிறத் தோலொன்று ஓட்டை மூடியிருக்கும். 1767இல் சுவீடன் நாட்டறிஞர் லின்னேயஸ் இதற்கு 'வொலூட்டா பைரம்' எனப் பெயரிட்டார். 'பைரம்' என்றால் பேரிக்காய். ஓட்டின் நடுத்தூணில் மடிப்புகளையுடைய நத்தைகள் பலவற்றை அவர் 'வொலூட்டா' என்னும் ஒரே சாதியுள் அடக்கினார். (இது நம்மூர்ச் சாதியன்று! தமிழ்நாட்டார் 'பேரினம்' என்பதையே எங்கள் பாடநூல்கள் 'சாதி' என்றன.) மடிப்பு மட்டும் உறவுக்குச் சான்றாகாது எனக் கண்ட பின்வந்தோர் அச்சாதியைப் பலவாகப் பிரித்தனர்.

பிரித்தவர் இருவர் ஆனதே சிக்கல். ஹம்பேர்க் நகரில் காலஞ்சென்ற மருத்துவர் போல்டனின் தொகுப்பிற்கு 1798இல் ரோடிங் என்பவர் பட்டியலொன்று அச்சிட்டார். 'சாங்கஸ்' என்ற சாதிப்பெயர் அதிலேதான் தோன்றியது. நம் 'சங்கு', வடமொழிச் 'சங்க' என்னும் சொல்லே ஐரோப்பியர் நாவிற் புகுந்து இலத்தீன் ஈறு பெற்றது. மறு ஆண்டில் பிரான்சின் லமார்க் அதே நத்தைக்கு 'டர்பினெல்லா', அதாவது சிறு பம்பரம், எனப் பெயர் சூட்டினார்.

முந்திய பெயரே நிலைக்கும் என்பது விலங்கியல் விதி. அவ்வாறாயின் சாங்கஸே வென்றிருக்க வேண்டும். ஆனால் லமார்க்கின் பெயரே பெரிதும் பரவியது. ஹோர்னெல் 1914இல் சென்னையில் வெளியிட்ட சங்கு பற்றிய நூலிலும் டர்பினெல்லாவே உள்ளது. இருபதாம் நூற்றாண்டில் சிலர் முந்துரிமை கூறிச் சாங்கஸை மீட்டனர். நூல்கள் இரு வழிப்பட்டன. 1957இல் அனைத்துலக விலங்கியற் பெயரீட்டு ஆணைக்குழு தன் சிறப்பதிகாரத்தால் டர்பினெல்லாவை நிலைநிறுத்திச் சாங்கஸை நீக்கியது. அதன் பின்னரும் இந்திய மீன்வள ஏடுகள் சில பல்லாண்டுகள் சாங்கஸ் என்றே எழுதிவந்தன. யான் கற்றதும் அதுவே.

ஆணைக்குழுவிற் குறை காண்பதற்கில்லை. பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்பது அதன் கடன். ஆயினும் எம் கடற்கரைச் சொல்லொன்று உலக ஏட்டில் ஏறிப் பின் அழிக்கப்பட்டதை எண்ணும்போது எனக்கு மனம் சற்றே கசக்கின்றது. இச்சாதியின் வேறு இனங்கள் மெக்சிக்கோ, பனாமா, பிரேசில் கரைகளிலும் உண்டு. அவையும் சங்கின் பெயரைச் சுமந்திருக்கும்.

மாணவியின் சங்கு இப்போது எம் வகுப்பு அலுமாரியில் உள்ளது. அதன் சிட்டையில் 'டர்பினெல்லா பைரம்' என அவளும், அதன் கீழே சிறிய எழுத்தில் 'முன்னர் சாங்கஸ்' என யானும் எழுதியுள்ளோம்.