காதை நம்பாத பாடகர்கள்

சினிமாப் பாட்டில் கோரஸ் பாடுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பிசகினால் இன்னொரு டேக் போகலாம். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், பிபிசி புரோம்ஸ் இசைவிழாவில் பாடும் கோரஸுக்கு அந்தச் சலுகை இல்லை. 1895-இல் தொடங்கிய அந்த விழாவை 1927-இல் பிபிசி ஏற்றது. கோடை முழுக்க நடக்கும் அதன் கச்சேரிகளை ரேடியோ 3 நேரலையில் ஒலிபரப்புகிறது. அரங்கில் ஐயாயிரம் பேர் என்றால் வானொலியில் கேட்பவர்கள் அதைவிடப் பல மடங்கு.

கோரஸ் நிற்பது மேடையின் ஆகக் கடைசியில். முன்னால் வயலின்கள், பிறகு குழல்கள், பித்தளை வாத்தியங்கள், முரசுகள். அதற்கும் பின்னால், படிப்படியாக உயரும் இருக்கைகளில் இவர்கள். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒலி விநாடிக்கு சுமார் 343 மீட்டர்தான் ஓடும். பாடகருக்கும் இசை நடத்துநருக்கும் இடையே 20 மீட்டர் இருந்தால், முன்வரிசை வயலின் அவர் காதை எட்ட ஏறத்தாழ 60 மில்லிவிநாடி ஆகும். அதைக் கேட்டுவிட்டுப் பாடினால், அவர் குரல் முன்னால் போய்ச் சேர இன்னொரு 60. நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் இரண்டும் சேர்ந்து ஏறக்குறையக் கால் தட்டுத் தாமதம். தாளம் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய இடைவெளி என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே கோரஸ் பாடகர் காதை நம்புவதில்லை. நடத்துநரின் கைக்கோலை நம்புகிறார். தன் காதுக்கு, வாத்தியங்களைவிடத் தான் முந்திப் பாடுவதுபோலத் தோன்றினாலும் கோலோடுதான் போக வேண்டும். பழக்கமில்லாதவருக்கு இது பெரிய அவஸ்தை.

அடுத்த கலை, தன்னை மறைத்துக்கொள்வது. ஓபராவின் தனிப்பாடகர் மைக் இல்லாமலே முழு இசைக்குழுவையும் மீறிக் கேட்பதற்கு, அவர் குரலில் 3000 ஹெர்ட்ஸை ஒட்டிக் குவியும் ஆற்றல் காரணம் என்று ஸ்வீடன் ஆய்வாளர் யோகான் சுண்ட்பெர்க் விளக்கினார். அந்த வட்டாரத்தில் வாத்தியங்களின் வலு குறைவு. கோரஸில் அதே உத்தி குற்றம்! ஒரு குரல் துருத்தினால் தலைக்கு மேல் தொங்கும் மைக் அதைப் பிடித்து வானொலிக்கு அனுப்பிவிடும். நீண்ட சுரங்களில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்க மாட்டார்கள். பக்கத்தில் நிற்பவர் வாங்காத இடமாகப் பார்த்து வாங்குவார்கள். கேட்பவருக்கு ஒலி அறுபடாமல் ஓடும். சொல்லின் கடைசியில் வரும் ‘ஸ்’, ‘ட்’ இன்னும் கறாரானவை. நூறு பேர் நூறு நேரத்தில் ‘ஸ்’ சொன்னால் அரங்கில் பாம்பு புகுந்தது போலிருக்கும். அது எந்தத் தட்டில் விழ வேண்டும் என்று ஒத்திகையிலேயே பென்சிலால் குறித்துக்கொள்கிறார்கள்.

பாடுவதைவிடக் காத்திருப்பது கடினம் என்பேன். 1824-இல் வியன்னாவில் அரங்கேறிய பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பகுதிகளில் முதல் மூன்றிலும் கோரஸுக்கு ஒரு சுரம்கூட இல்லை. ஏறத்தாழ முக்கால் மணி நேரம், விளக்கொளியில், இருமாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, உலர்ந்த தொண்டையோடு எழுந்து உச்சஸ்தாயிக்குப் போக வேண்டும். ஸோப்ரானோக்களின், அதாவது உச்சக் குரல் பெண்களின், மேல் சுரங்களை பீத்தோவன் இரக்கமில்லாமல்தான் எழுதிவைத்திருக்கிறார்.

இவ்வளவும் செய்கிறவர்கள் முழுநேரக் கலைஞர்கள் என்று நினைத்தால் தவறு. புரோம்ஸில் பாடும் குழுக்களில் ஒன்றான, 1928-இல் உருவான பிபிசி சிம்பொனி கோரஸின் உறுப்பினர்கள் பெரும்பாலும் வேறு வேலை பார்க்கிறவர்கள். குரல்தேர்வில் தேறி வந்து, சம்பளம் வாங்காமல் பாடுகிறார்கள்.