மலையேறும் எஞ்சினும் அதன் காற்றுப் பசியும்

ராசிங்காபுரத்தில் நின்று மேற்கே பார்த்தால் ஏலமலை சுவர் எழுப்பியதுபோல் நிற்கிறது. போடி வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு அதிகாலையில் ஜீப்புகள் மலையேறுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முந்தலைத் தாண்டியதும் டிரைவர் கியரைக் குறைக்கிறார். எஞ்சின் முனகத் தொடங்குகிறது. “பழைய எஞ்சினுக்கு ஒரு சூப்பர்சார்ஜரை மாட்டிவிட்டால் வண்டி பறக்குமே!” என்று பேசிக்கொள்ளும் இளைஞர்களும் உண்டு. மாட்டினால் உண்மையில் என்ன நடக்கும்? உங்கள் பாடநூலில் உள்ள வாயு விதிகளைக் கொண்டே கணக்கிட்டுப் பார்ப்போம், வாருங்கள்.

எஞ்சினின் உணவு

எஞ்சின் பெட்ரோலை மட்டும் உண்பதில்லை. 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலைக் கூடுதலாகச் செலுத்துவது எளிது. காற்றைக் கூடுதலாகச் செலுத்துவதுதான் கடினம். 2 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு எஞ்சின், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை சுமார் 2 லிட்டர் காற்றைத்தான் உறிஞ்ச முடியும். அந்த 2 லிட்டரில் எத்தனை கிராம் காற்று இருக்கிறது என்பது காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது.

போடிநாயக்கனூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் உள்ளது. போடிமெட்டோ 1,300 மீட்டருக்கும் மேலே. இந்த 1,000 மீட்டர் ஏற்றத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. எஞ்சினின் திறனும் ஏறக்குறைய அதே அளவு குறைகிறது. சுமை இழுக்க வலிமை தேவைப்படும் இடத்திலேயே மூச்சு குறைகிறது!

காற்றைத் திணிக்கும் கருவி

இக்குறையைப் போக்கக் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிப்பதே சூப்பர்சார்ஜரின் வேலை. எஞ்சினின் வணரித்தண்டிலிருந்து பெல்ட் மூலம் இது சுழல்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற ஊதுகருவி, முதலில் உலைகளுக்குக் காற்றூதவே பயன்பட்டது. பின்னாளில் அதே அமைப்பு மோட்டார் வண்டிக்கு வந்தது. 1905இல் சுவிட்சர்லாந்தின் ஆல்பிரட் பூக்கி, வெளியேறும் புகையின் ஆற்றலைக் கொண்டே இதைச் சுழற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதுவே இன்றைய டர்போசார்ஜர்.

இதற்கும் மலைக்கும் பழைய உறவு உண்டு. 1918இல் சான்போர்டு மாஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர், ஒரு விமான எஞ்சினை லாரியில் ஏற்றி, 14,000 அடிக்கும் மேல் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்துக்குக் கொண்டுபோனார். கீழே சுமார் 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின், உச்சியில் 230தான் தந்தது. டர்போசார்ஜரைப் பொருத்தியதும் 356 தந்தது!

அழுத்தினால் சூடாகும்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அழுத்தப்படும் வாயு சூடாகிறது. சூப்பர்சார்ஜரிலும் இதுவே நடக்கிறது.

30 டிகிரி செல்சியஸ், அதாவது 303 கெல்வின் வெப்பநிலையில் உள்ள காற்றின் அழுத்தத்தை ஒன்றரை மடங்காக்குவோம். வெப்ப இழப்பில்லாத இலட்சிய அழுத்தத்தில்கூட அது 67 டிகிரிக்கு உயரும். ரூட்ஸ் வகைக் கருவி அத்தனை சிக்கனமானதன்று. 60 சதவீதத் திறமை எனக் கொண்டால் காற்று சுமார் 92 டிகிரி, அதாவது 365 கெல்வினுக்குச் சூடாகிவிடும். அடர்த்தி எத்தனை மடங்காகும்?

1.5 × 303 ÷ 365 = 1.25 (ஏறத்தாழ)

அழுத்தம் 50 சதவீதம் கூடியது. காற்றோ 25 சதவீதம்தான் கூடியது. பாதி ஆதாயத்தை வெப்பம் தின்றுவிட்டது. அதோடு நிற்பதுமில்லை. சூடான கலவை சிலிண்டருக்குள் மேலும் அழுத்தப்படும்போது, பொறி பற்றவைத்த சுடர் வந்து சேரும் முன்பே மிச்சமுள்ள கலவை தானே வெடித்து எரியலாம். மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்று சொல்லும் தட்டல் ஓசை இதுதான். தொடர்ந்தால் பிஸ்டனே உடைந்துபோகும்.

குளிர்விப்பானின் பங்கு

ஆகவே சூப்பர்சார்ஜருக்கும் எஞ்சினுக்கும் இடையே ஒரு குளிர்விப்பானை வைக்கிறார்கள். அதுவே இன்டர்கூலர். பார்வைக்கு ரேடியேட்டர் போலவே இருக்கும். உள்ளே சூடான காற்று ஓட, மெல்லிய தகடுகளின் மேல் வெளிக்காற்று மோதி வெப்பத்தை அள்ளிச் செல்கிறது. 92 டிகிரிக் காற்று 50 டிகிரிக்கு, அதாவது 323 கெல்வினுக்கு இறங்கினால் அடர்த்தி ஏறத்தாழ 1.4 மடங்காகிறது. இழந்த ஆதாயத்தில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கிறது, தட்டலும் அடங்குகிறது.

எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும்? நிமிடத்துக்கு 4,000 சுற்றுச் சுழலும் 2 லிட்டர் எஞ்சினுக்குள் நொடிக்கு ஏறத்தாழ 100 கிராம் காற்று பாய்கிறது. அதை 42 டிகிரி குளிர்விக்க நொடிக்குச் சுமார் 4,200 ஜூல் வெப்பத்தை நீக்க வேண்டும். நான்கு மின்சார ஹீட்டர்கள் சேர்ந்து தரும் வெப்பம் இது!

இங்கேதான் மலைப்பாதை நம்மைச் சோதிக்கிறது. சமவெளியில் வண்டி விரைந்தோடும்போது எதிர்க்காற்று பலமாக மோதுகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஊர்ந்து செல்கிறது. எஞ்சின் முழு மூச்சில் உழைக்க, மோதும் காற்றோ மிகக் குறைவு. குளிர்ச்சி மிகுதியாகத் தேவைப்படும் வேளையில்தான் அது குறைவாகக் கிடைக்கிறது. இன்டர்கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தால், ரேடியேட்டருக்கும் சூடான காற்றே போய்ச் சேரும். எனவே மின்விசிறியையோ, தண்ணீரால் குளிர்விக்கும் வகையையோ நாட வேண்டியிருக்கிறது.

மாட்டினால் மட்டும் போதுமா?

போதாது. காற்று கூடினால் அதற்கேற்ப எரிபொருளும் கூட வேண்டும். கூடாவிட்டால் கலவை வறண்டு, எஞ்சின் அளவுமீறிச் சூடாகும். பெட்ரோல் எஞ்சினில் அழுத்த விகிதத்தைக் குறைக்கவும், பொறி விழும் நேரத்தைச் சற்றுத் தாமதப்படுத்தவும் நேரிடும். பிஸ்டன், கேஸ்கட், கிளட்ச் அனைத்தும் கூடுதல் விசையைத் தாங்க வேண்டும். இதனால்தான் இன்றைய டீசல் வண்டிகள் பலவற்றில் டர்போவையும் இன்டர்கூலரையும் தொழிற்சாலையிலேயே, எஞ்சினோடு சேர்த்து வடிவமைத்துப் பொருத்துகிறார்கள். தமிழ்நாட்டில் 1982இல் தொடங்கப்பட்ட டர்போ எனர்ஜி நிறுவனம் இத்தகைய டர்போசார்ஜர்களைத் தயாரிக்கிறது. சாலையில் ஓடும் வண்டியை உரிய அனுமதியின்றி மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஏறிய வண்டி மாலையில் இறங்கியாக வேண்டும். ஆட்களோடு 2,500 கிலோகிராம் எடையுள்ள ஜீப் 1,000 மீட்டர் இறங்கினால் விடுபடும் நிலையாற்றல் சுமார் 2 கோடியே 50 லட்சம் ஜூல். ஏறத்தாழ 7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். பிரேக்கும், குறைந்த கியரில் ஓடும் எஞ்சினும்தான் இதில் பெரும்பகுதியைத் தாங்க வேண்டும். சூப்பர்சார்ஜர் இங்கே கைகொடுக்காது. தொழிலாளர்களின் உயிர் ஏற்றத்தின் வேகத்தைவிட இறக்கத்தின் கட்டுப்பாட்டைத்தான் நம்பியிருக்கிறது.

உங்களுக்கு ஒரு கணக்கு: மேலே கண்ட இன்டர்கூலரின் தகடுகளில் சேறு அடைத்து, காற்று 70 டிகிரி வரைதான் குளிர்கிறது எனக் கொள்ளுங்கள். அடர்த்தி எத்தனை மடங்காகும்? ஏறத்தாழ 1.33 என்று வந்தால் உங்கள் விடை சரி. வண்டியின் முகப்பைக் கழுவுவதிலும் இயற்பியல் இருக்கிறது, அல்லவா!