ஒலி நுழையும் ஓட்டையில் ரேடியோ ஏன் நுழைவதில்லை?

ப்ளைவுட் பெட்டியில் சொந்தமாக ப்ளூடூத் ஸ்பீக்கர் செய்கிறவர்கள் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். முன்பக்கம் துணி கட்டுவதா, உலோக ஜாலி வைப்பதா? ஜாலி வைத்தால் பாட்டு விட்டு விட்டு வருமா? கூடவே இன்னொரு சந்தேகமும் இருக்கும். செம்பு கிரில் வைத்தால் ஒலி இனிமையாகும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம்.

கிரில் மின்சாரத்தைக் கடத்துகிறதா இல்லையா என்பதற்கும் காதில் விழும் ஒலிக்கும் தொடர்பில்லை. ஒலி என்பது காற்றின் அழுத்தம் ஏறி இறங்குவது. தகட்டில் எவ்வளவு இடம் திறந்திருக்கிறது, தகடு எவ்வளவு தடிமன், அது தானாக அதிருமா என்பவைதான் ஒலிக்குக் கணக்கு. ஓட்டைகள் குறைவாக இருந்தால் முதலில் மங்குவது ட்ரெபிள். தளர்வாகப் பொருத்திய தகடு பேஸ் வரும்போது கடகடக்கும். ஓரத்தில் ஃபோம் ஒட்டினால் நிற்கும். தகட்டுக்குத் தங்க முலாமே பூசினாலும் இவற்றில் ஒன்றும் மாறாது. அந்தப் பணத்தில் இன்னும் நல்ல ட்வீட்டர் வாங்கிவிடலாம்.

ரேடியோ அலையின் கதை வேறு. ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அந்த அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ. கிரில் ஓட்டையோ 2, 3 மி.மீ. அலை பெரிது, ஓட்டை சிறிது, அதனால் நுழையவில்லை என்று பலரும் சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால் 50 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அது அதே 3 மி.மீ. ஓட்டை வழியே தாராளமாக வெளியே வருகிறது. 7 மீட்டர் அலைக்கு வழிவிடும் ஓட்டை 12 செ.மீ. அலையை ஏன் நிறுத்துகிறது? இந்த விஷயத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அவசரப்படாமல் பார்ப்போம்.

ஓட்டைக்குள் இருக்கும் சிறு காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அழுத்தம் கூடினால் அது மொத்தமாக முன்னால் நகரும், குறைந்தால் பின்னால் போகும். ஓட்டையின் சுவர் அந்த அழுத்தத்துக்கு எந்த நிபந்தனையும் போடுவதில்லை. அதனால் எவ்வளவு நீளமான ஒலி அலையும் உள்ளே புகுந்து மறுபுறம் வந்துவிடும்.

ரேடியோ அலையில் ஆடுவது மின்புலம். உலோகப் பரப்பின் நெடுகே ஒரு மின்புலம் வந்தால், உள்ளே தடையின்றித் திரியும் எலெக்ட்ரான்கள் உடனே நகர்ந்து அதை ஈடுகட்டி அழித்துவிடும். ஆகவே ஓட்டையின் சுவரை ஒட்டி அந்தப் புலம் சுழியாகத்தான் இருக்க முடியும். இரண்டு முனையையும் ஆணியில் கட்டிய கயிறு இப்படித்தான்: நடுவில் ஆடலாம், ஆனால் முழுக் கயிறும் ஒரே பக்கம் பெயர்ந்துவிட முடியாது. குறைந்தது அரை அலையாவது அந்த இடைவெளிக்குள் அடங்க வேண்டும். வட்ட ஓட்டைக்குக் கணக்குப் போட்டால், விட்டத்தைப்போல் சுமார் 1.7 மடங்கு வரை நீளமுள்ள அலைகள்தான் உள்ளே ஓடும். 3 மி.மீ. ஓட்டைக்கு அது 5 மி.மீ. சொச்சம். 125 மி.மீ. அலை ஓட்டைக்குள் கால் வைத்ததுமே தேயத் தொடங்கும். தகடு தடிமனாக இருந்தால் இன்னும் அதிகமாகத் தேயும். மைக்ரோவேவ் அடுப்பின் கண்ணாடிக் கதவுக்குள் ஓட்டைத் தகடு வைத்திருப்பதும் இதற்காகவே. அடுப்பின் அலை 2.45 கிகாஹெர்ட்ஸ், ப்ளூடூத்துக்குப் பக்கத்து வீடு.

பிளாஸ்டிக்கிலும் பாலியெஸ்டர் துணியிலும் மரத்திலும் எலெக்ட்ரான்கள் அணுக்களோடு கட்டுண்டு கிடக்கின்றன. புலத்தை அழிக்க ஓடிவர ஆளில்லை, அலை போய்விடுகிறது.

அப்படியானால் நன்றாகக் கடத்தும் செம்பு அதிகமாக மறைக்கும், சுமாராகக் கடத்தும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (எஸ்.எஸ்.) கொஞ்சம் விடும் என்று தோன்றலாம். எஸ்.எஸ். தகட்டின் கடத்துதிறன் செம்பில் நாற்பதில் ஒரு பங்குதான், உண்மை. ஆனால் இந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் உலோகத்தின் மேற்தோலோடு நின்றுவிடும். செம்பில் அந்த ஆழம் ஒன்றேகால் மைக்ரானுக்குச் சற்று மேல், எஸ்.எஸ்.ஸில் சுமார் 9 மைக்ரான். கிரில் தகடு அரை மி.மீ., அதாவது 500 மைக்ரான். இரண்டுமே அலையை ஏறத்தாழ முழுசாகத் திருப்பி அனுப்பிவிடும். ஆக, பொருளில் பார்க்க வேண்டியது உலோகமா இல்லையா என்பது மட்டும்தான். எந்த உலோகம் என்பதை உங்கள் பட்ஜெட்டும் துருவும் முடிவு செய்யட்டும்.

ஓட்டையின் வடிவத்தைக் கட்டாயம் பாருங்கள். லேசரில் வெட்டிய அழகான நீளப் பிளவுகள் இருந்தால் கணக்கு மாறும். அகலம் 2 மி.மீ.தான் இருக்கட்டும், நீளம் 6 செ.மீ.யைத் தொட்டுவிட்டால் அது ப்ளூடூத் அலையில் பாதி. அந்தப் பிளவே ஓர் ஆன்டெனாவாக வேலை செய்து, குறுக்கே ஆடும் புலத்தை வெளியே விட்டுவிடும். வேண்டுமென்றே இப்படி வெட்டிய ஆன்டெனாக்கள் விமானங்களில்கூட உண்டு.

வீட்டுப் பெட்டிக்கு நடைமுறை பதில் இவ்வளவுதான். முன்பக்கம் மட்டும் ஜாலி, மற்றப் பக்கங்கள் ப்ளைவுட் என்றால் கவலை வேண்டாம். அலை மரத்தின் வழியே போய்வரும். ப்ளூடூத் போர்டின் ஆன்டெனா முனையை ஜாலியிலிருந்தும் ஸ்பீக்கரின் காந்தத்திலிருந்தும் சில செ.மீ. தள்ளி, மரச் சுவரை ஒட்டி வையுங்கள். உலோகத்துக்கு மிக அருகில் வைத்தால் ஆன்டெனாவின் சுருதியே விலகிவிடும். பெட்டி முழுக்கத் தகரம் என்றால் ஆன்டெனாவை வெளியே கொண்டுவரத்தான் வேண்டும்.

கிரில் உலோகமா என்று மல்டிமீட்டரை வைத்துச் சோதிக்கும்போது ஒரு பொறி உண்டு. அனோடைஸ் செய்த அலுமினிய கிரில்லில் இரண்டு முனையை வைத்தால் பீப் வராது. மேலே இருப்பது அலுமினிய ஆக்சைடு, நல்ல மின்காப்பு. பவுடர் கோட்டிங்கும் அப்படியே. மீட்டர் மௌனமாக இருப்பதால் ரேடியோ அலை போய்விடும் என்று நினைத்துவிடாதீர்கள். அடியில் உலோகம் இருக்கிறது, அலைக்கு அது போதும். மறுபுறம், குரோம் முலாம் பூசிய பிளாஸ்டிக் கிரில் கையில் லேசாக, பிளாஸ்டிக்காகத்தான் தெரியும். முலாமோ முழு உலோகத் தோல். மறைத்துவிடும்.

இந்தப் பூச்சு விஷயம் பாதுகாப்பில் உயிர்ப் பிரச்சினை. பெட்டிக்குள் 230 வோல்ட் வருகிறது, வெளியே கைபடும் உலோக கிரில் இருக்கிறது என்றால் அதை எர்த் செய்ய வேண்டும். பூச்சின் மேல் ஸ்க்ரூ முறுக்கினால் எர்த் ஆகாது. அந்த இடத்தில் பூச்சைச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு, பிறகு மீட்டரில் பார்க்க வேண்டும். அந்தக் கால வால்வு ரேடியோக்களில், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏ.சி./டி.சி. செட்டுகளில், சேஸிஸே நேராக மெயின்ஸ் கம்பியோடு சேர்ந்திருக்கும். அவற்றுக்கு மரமோ பேக்கலைட்டோ பெட்டியாகவும், பெரும்பாலும் துணி முகப்பாகவும் இருந்தது அழகுக்காக மட்டும் இல்லை. அதனால் பழைய செட்டுக்குப் புதிய உலோக முகப்பு மாட்டுகிறவர்கள் முதலில் சேஸிஸ் எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் ஓடும் ஸ்பீக்கருக்கு இந்த எர்த் தேவையில்லை. ரேடியோ அலையைத் தடுப்பதற்கும் எர்த் தேவையில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

மைக்கில் மட்டும் கம்பி வலையின் கடத்துதிறன் காதுக்கே தெரியும். கண்டென்சர் மைக்கின் உள்ளே வரும் சிக்னல் மிக மெலிந்தது. சுற்றியுள்ள மெயின்ஸ் வயர்களின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை எளிதாக இழுத்துக்கொள்ளும். வலை மைக்கின் கிரவுண்டோடு நன்றாகச் சேர்ந்திருந்தால் அந்த இரைச்சலை வாங்கிக் கீழே அனுப்பிவிடும். வலை துருப்பிடித்தோ தளர்ந்தோ தொடர்பு விட்டுப்போனால், கையால் தொடும்போது ‘ம்ம்ம்’ என்ற ஹம் மாறும். ஒலிப்பதிவுக் கூடத்தில் இப்படி நேர்ந்தால் கேபிளைக் குறை சொல்வதற்கு முன் வலையைக் கழற்றி, அது உட்காரும் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள்.

ஸ்பீக்கரிலும் ஒரு விலக்கு உண்டு. எலெக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கரில் கூம்பும் இல்லை, காந்தமும் இல்லை. இரண்டு ஓட்டைத் தகடுகள், நடுவே மெல்லிய படலம். படலத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னூட்டம். தகடுகளில் இசை உயர் மின்னழுத்தமாக வருகிறது. படலம் இழுபட்டு ஆடுகிறது. இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் நடத்திய குவாட் நிறுவனம் 1957இல் இதை வீட்டுக்கு ஏற்ற பொருளாக விற்கத் தொடங்கியது. மார்ட்டின்லோகன் என்ற நிறுவனத்தின் எலெக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர்களில் கிரில் என்று நாம் பார்க்கும் எஃகுத் தகடே இசையைப் பிறப்பிக்கும் உறுப்பு. தகடு கடத்த வேண்டும். படலத்தின் பூச்சோ மிக மிக மோசமாகக் கடத்த வேண்டும். ஒரு ஸ்வரம் ஒலிக்கும் நேரத்துக்குள் மின்னூட்டம் இடம் மாறி ஓடினால் ஒலி திரிந்துவிடும். பார்வைக்குத் துளைத் தகடுதானே என்று இதன் முகப்பைத் திறக்கப் போகாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்னூட்டம் சிறிது நேரம் உள்ளே தங்கியிருக்கும்.