பதினொரு நாற்காலிகளும் ஒரு பழைய கட்டடமும்

"சுவரைப் பாத்துக்க ஆள் இருக்கு. ஜன்னலைப் பாத்துக்க ஆள் இருக்கு. நம்ம கடைய யாருப்பா பாத்துக்குவாங்க?"

டன்லப் ஸ்திரீட்டில் நெடுங்காலமாக வாடகைக்கு மளிகைக் கடை நடத்திவந்த என் மாமா ஒருநாள் இப்படிக் கேட்டார். அவர் கடை இருந்த வரிசை முழுவதும் 1989இல் அரசிதழில் அறிவிக்கப்பட்ட லிட்டில் இந்தியா பாதுகாப்பு வட்டாரத்துக்குள் வருகிறது. கூரை ஓட்டிலிருந்து ஐந்தடிப் பாதை வரை எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதற்கு விதி உண்டு. ஆனால் அந்த மாதம் அவருக்கு வந்திருந்தது வாடகை உயர்வுக் கடிதம். அதற்கு விதி எதுவும் இல்லை. கட்டடக்கலை மாணவனான எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

2012இல் மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஒரு பருவம் நியூயார்க்கில் படிக்கச் சென்றபோது அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. பழைய கட்டடங்களின் தலையெழுத்தைப் பொதுமக்கள் முன்னிலையில், வாய்விட்டுப் பேசி முடிவு செய்யும் அமைப்பு ஒன்று அந்த நகரத்தில் இருக்கிறது. அதன் பெயர் மரபுச்சின்னப் பாதுகாப்பு ஆணையம். செவ்வாய்க்கிழமைகளில் அது கூடும்போது யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். நானும் போனேன். அங்கே பார்த்ததையும் அதன்பின் படித்ததையும் வைத்து, இப்படிப்பட்ட ஓர் ஆணையம் எப்படி அமைக்கப்படுகிறது, எப்படி நடத்தப்படுகிறது என்பதைப் பேரவை நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

பழைய நகரப் பகுதியைச் சட்டம் போட்டுக் காப்பதில் அமெரிக்காவில் முன்னோடி நியூயார்க் அல்ல. தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரம் 1931லேயே அதைச் செய்துவிட்டது. நியூயார்க்குக்கு ஓர் இழப்பு தேவைப்பட்டது. 1910இல் திறக்கப்பட்ட பென்சில்வேனியா ரயில் நிலையம் ரோமானியக் குளியல் மண்டபங்களை மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட மாபெரும் கட்டடம். ரயில்வே நிறுவனத்துக்கு வருமானம் சரிந்தபோது, நிலையத்தை இடித்துவிட்டு மேலே விளையாட்டரங்கமும் அலுவலகக் கோபுரமும் கட்ட முடிவானது. 1962 ஆகஸ்டில் கட்டடக் கலைஞர்கள் பதாகை ஏந்தி வாசலில் நின்றார்கள். பயனில்லை. 1963 அக்டோபரில் இடிப்பு தொடங்கியது. ஏனென்றால், தனியார் சொத்தை இடிக்காதே என்று சொல்ல நகரத்திடம் நடைமுறைச் சட்டம் எதுவும் அப்போது இல்லை. 1956ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் ஒன்று அப்படிச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை நகரங்களுக்குக் கொடுத்திருந்தும், நியூயார்க் அதைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தது! 1965 ஏப்ரல் 19ஆம் தேதி மேயர் ராபர்ட் வாக்னர் கையெழுத்திட்ட பிறகுதான் ஆணையம் சட்டப்படி பிறந்தது.

நம்மில் பலர் ஸ்டாம்ஃபர்ட் சாலைத் தேசிய நூலகத்தின் செங்கல் சுவரை நினைவில் வைத்திருப்போம். 2004 மார்ச் 31ஆம் தேதி அது மூடப்பட்டு, சுரங்கச் சாலைக்காகப் பின்னர் இடிக்கப்பட்டது. அதன் நுழைவாயில் தூண்கள் இரண்டு மட்டும் எஞ்சியிருக்கின்றன. மக்களின் பாசம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது எழுத்தில் உள்ள ஒரு நடைமுறையில் போய்ச் சேராவிட்டால் கட்டடத்தைத் தாங்காது. பென் நிலையத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது அந்தத் தூண்கள்தான்.

சரி, ஆணையத்தில் யார் யார் உட்காருகிறார்கள்? மொத்தம் பதினொரு பேர். மூன்று பேராவது கட்டடக் கலைஞர்களாக இருக்க வேண்டும். ஒரு வரலாற்றாய்வாளர், நகரத் திட்ட வல்லுநர் அல்லது நில வடிவமைப்பாளர் ஒருவர், சொத்து வணிகம் அறிந்த ஒருவர் கட்டாயம். சொத்து வணிகரை எதற்குச் சேர்த்தார்கள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. திருடனையே காவலுக்கு வைப்பதுபோல் இருந்தது! பிறகுதான் தெரிந்தது: இந்தக் கட்டடத்தால் இவ்வளவுதான் சம்பாதிக்க முடியும் என்று உரிமையாளர் கணக்குக் காட்டும்போது அந்தக் கணக்கைப் படிக்கத் தெரிந்த ஒருவர் மேசையின் இந்தப் பக்கமும் வேண்டும். ஆக, சட்டம் தொழிலைக் குறிப்பிடுவது ஆறு நாற்காலிகளுக்கு மட்டுமே. மீதி ஐந்துக்கு எந்தத் தகுதியும் சொல்லப்படவில்லை. ஆனால் மன்ஹாட்டன், புரூக்ளின், குவீன்ஸ், பிரோங்ஸ், ஸ்டேட்டன் தீவு ஆகிய ஐந்து பகுதிகளிலிருந்தும் குறைந்தது ஒருவர் இருந்தாக வேண்டும்.

இவர்களை மேயர் நியமிக்கிறார், நகர மன்றம் ஒப்புதல் தருகிறது. பதவிக் காலம் மூன்று ஆண்டுகள். தலைவருக்கு மட்டும் சம்பளம் உண்டு, மற்றப் பத்துப் பேரும் ஊதியமின்றி வருகிறார்கள். அன்றாட வேலையைச் செய்வதற்கு ஆய்வாளர்கள், கட்டடக் கலைஞர்கள், தொல்லியலாளர்கள், வழக்கறிஞர்கள் எனச் சம்பளப் பணியாளர்கள் தனியே இருக்கிறார்கள். எந்த முடிவுக்கும் குறைந்தது ஆறு வாக்கு தேவை. வந்தவர்களில் பெரும்பான்மை போதாது, பதினொன்றில் ஆறு. ஐந்து பேர் வராத நாளில் ஒரு வாக்கு மாறினாலே விண்ணப்பம் தொங்கிவிடும்.

ஒரு கட்டடம் பட்டியலில் ஏறும் வழி இது. யார் வேண்டுமானாலும் ஒரு படிவம் நிரப்பிக் கோரிக்கை அனுப்பலாம், உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. கட்டடத்தின் ஒரு பகுதிக்காவது முப்பது வயது ஆகியிருக்க வேண்டும். பணியாளர்கள் ஆராய்ந்து தகுதி இருப்பதாகக் கண்டால், ஆணையம் அதை விசாரணைப் பட்டியலில் சேர்க்க வாக்களிக்கும். பிறகு பொது விசாரணை, பிறகு வாக்கெடுப்பு. வாக்கு விழுந்த அன்றே பாதுகாப்பு தொடங்கிவிடுகிறது. ஆனாலும் அது இறுதி முடிவு அல்ல. நகரத் திட்டக் குழு அறிக்கை தர வேண்டும், நகர மன்றம் 120 நாட்களுக்குள் அதை மாற்றலாம், ரத்தும் செய்யலாம். வல்லுநர்கள் சொன்னதை மக்கள் பிரதிநிதிகள் புரட்டிப்போட முடியும் என்பது சிலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

தொடக்கத்தில் சட்டம் கட்டடங்களின் வெளிப்புறத்தையும் மரபு வட்டாரங்களையும் மட்டுமே தொட்டது. 1973 திருத்தம் பொதுமக்கள் புழங்கும் உட்புறங்களையும் பூங்காக்கள் போன்ற இயற்கைக் காட்சியிடங்களையும் சேர்த்தது. இன்று 38,000க்கு மேற்பட்ட கட்டடங்களும் இடங்களும் பாதுகாப்பில் உள்ளன. பெரும்பாலானவை தனிச் சின்னங்கள் அல்ல, 1965இல் முதல் மரபு வட்டாரமான புரூக்ளின் ஹைட்ஸ் போன்ற வட்டாரங்களுக்குள் இருப்பவை.

அழகு மட்டுமே அளவுகோல் இல்லை. ஜாஸ் இசைக் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் குவீன்ஸில் வாழ்ந்த வீடு மிகச் சாதாரணமான செங்கல் வீடு. வாழ்ந்தவருக்காக அதை 1988இல் சேர்த்தார்கள். 1991இல் மன்ஹாட்டனில் அரசாங்கக் கட்டடம் ஒன்றுக்குப் பள்ளம் தோண்டியபோது ஆப்பிரிக்கர்களின் இடுகாடு வெளிப்பட்டது. மண்ணுக்கு மேலே கண்ணுக்குத் தெரிய அந்த இடுகாட்டின் அடையாளமே இல்லை. ஆயினும் 1993இல் அப்பகுதி மரபு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது.

பட்டியலில் ஏறிய பிறகுதான் உண்மையான வேலை. வெளிப்புறத்தில் எதை மாற்றினாலும் ஆணையத்தின் அனுமதி வேண்டும். அது இல்லாமல் கட்டடத் துறையும் அனுமதி தராது. விண்ணப்பங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றைப் பணியாளர்களே விதிகளின்படி பார்த்து முடித்துவிடுகிறார்கள். மிச்சமுள்ள சிக்கலானவையே செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு வருகின்றன.

நான் போன அன்று புரூக்ளினில் வீடு வைத்திருக்கும் ஒரு பெண்மணியின் விண்ணப்பம் வந்தது. மொட்டை மாடிமேல் ஒரு தளம் எழுப்ப வேண்டுமாம். ஆணையம் அப்போது மாநகராட்சிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் கூடியது. அந்தக் கட்டடமும் ஆணையம் பாதுகாக்கும் சின்னங்களில் ஒன்று என்பது ஒரு வேடிக்கை. பெண்மணியின் கட்டடக் கலைஞர் படங்களைக் காட்டினார். மாடியில் மரச்சட்டம் நட்டு ஆரஞ்சு நிற வலை கட்டி, தெருவில் நின்றால் புதிய தளம் எவ்வளவு தெரியும் என்று எடுத்த புகைப்படங்கள் அவை. வட்டாரக் குழு எதிர்ப்புத் தெரிவித்து அனுப்பியிருந்த தீர்மானம் வாசிக்கப்பட்டது. பிறகு பொதுமக்கள், ஆளுக்கு மூன்று நிமிடம்.

பக்கத்து வீட்டு முதியவர் ஒருவர் எழுந்து, தன் சமையலறைக்கு வெயிலே வராமல் போய்விடும் என்று குரல் நடுங்கச் சொன்னார். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெளிச்சமும் காற்றும் இந்த ஆணையத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை அல்ல, கட்டடத்தின் தோற்றமும் வட்டாரத்தின் தன்மையும் மட்டுமே தங்கள் பொறுப்பு என்றார். முதியவர் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார். உறுப்பினர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கருத்தை எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்கள். ஒருவர் உயரம் அதிகம் என்றார், இன்னொருவருக்குச் சுவரின் நிறம் உறுத்தியது. கடைசியில் வாக்கெடுப்பே நடக்கவில்லை. உயரத்தைக் குறைத்து, பின்னால் தள்ளி, மறுபடி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண்மணி வெளியே வந்து கைப்பேசியில் யாரிடமோ பொரிந்து தள்ளியதையும் நான் கேட்டேன். அவர் பக்கமும் நியாயம் உண்டு. ஒவ்வொரு முறை திரும்பி வருவதற்கும் கட்டடக் கலைஞருக்குக் காசு கொடுப்பது அவர்தானே?

உரிமையாளரை இப்படிக் கட்டிப்போடலாமா என்ற கேள்வி நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஆணையம் 1967இல் பட்டியலில் சேர்த்தது. அதன்மேல் ஐம்பது மாடிகளுக்கு மேற்பட்ட கோபுரம் எழுப்பக் கட்டடக் கலைஞர் மார்செல் பிராயர் வரைந்த திட்டத்தை ஆணையம் மறுத்தது. இழப்பீடு தராமல் எங்கள் சொத்தைப் பறிக்கிறீர்கள் என்று ரயில்வே நிறுவனம் வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றத்தில் 1975இல் நகரம் தோற்றது. ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸ் போன்றோர் அப்போதுதான் தெருவுக்கு வந்தார்கள். 1978இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

நகரம் வென்றதில் சட்டத்தின் விட்டுக்கொடுக்கும் குணத்துக்கும் பங்குண்டு. நிலையம் நிலையமாகவே தொடர்ந்து இயங்கிச் சம்பாதிக்க முடிந்தது. மேலே கட்டாமல் விட்ட கட்டட உரிமையை அருகிலுள்ள மனைகளுக்கு மாற்றவும் வழி இருந்தது. அதோடு, கட்டடம் ஆண்டுக்கு ஆறு விழுக்காடு வருமானம்கூடத் தரவில்லை என்று உரிமையாளர் நிரூபித்தால், ஆணையம் வரிச் சலுகையோ வாங்க ஓர் ஆளோ தேடித் தர வேண்டும், முடியாவிட்டால் இடிக்க விட வேண்டும். இந்த வாசலைத் தட்டியவர்கள் மிகச் சிலரே. ஆனால் அது திறந்திருப்பதால்தான் வீடு நிற்கிறது என்று எனக்குத் தோன்றும்.

குறைகள் இல்லாமல் இல்லை. விசாரணைப் பட்டியலில் ஏறிய சில கட்டடங்கள் பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தன. இப்படித் தேங்கிய 95 இடங்களை 2016 வாக்கில்தான் ஒருவழியாக முடித்தார்கள். அதே ஆண்டு தனிக் கட்டடத்துக்கு ஓராண்டு, வட்டாரத்துக்கு ஈராண்டு என்று கெடுவும் சட்டமானது. வசதியுள்ள வெள்ளையர் வட்டாரங்களுக்கே கவனம் அதிகம் என்ற புகார் நெடுநாளாக உண்டு. 2021இல் சமத்துவத்துக்கென ஒரு கொள்கைத் திட்டத்தை ஆணையமே வெளியிட்டது.

சிங்கப்பூரில் ஏற்பாடு வேறு. நினைவுச்சின்னங்களுக்கான சட்டத்தின்கீழ், 1973இல் அறிவிக்கப்பட்ட முதல் எட்டில் சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் ஒன்று. இன்று அந்தப் பணி தேசிய மரபுடைமைக் கழகத்திடம் உள்ளது. கடைவீடுகளும் வட்டாரங்களும் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பொறுப்பு. அங்கே 7,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் பாதுகாப்பில் இருக்கின்றன. வேலை விரைவாகவும் சீராகவும் நடக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு கடைவீட்டின் மாற்றத்தைப் பற்றி அதிகாரிகள் என்ன நினைத்தார்கள் என்பதை நானோ என் மாமாவோ உட்கார்ந்து கேட்கும் செவ்வாய்க்கிழமை இங்கே இல்லை.

மாமாவின் கேள்விக்கு வருகிறேன். நியூயார்க் ஆணையத்துக்கும் கடையைக் காக்கும் அதிகாரம் கிடையாது. கட்டடத்துக்குள் மளிகை விற்கிறதா, கைப்பேசி விற்கிறதா என்பது அதன் வேலையல்ல, வாடகையும் அல்ல. ஊர் திரும்பியதும் இதை அவரிடம் சொன்னேன். அதற்குள் அவர் கடை வூட்லண்ட்ஸில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்துக்கு மாறிவிட்டிருந்தது. பருப்பை நிறுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டவர், "அந்தப் பதினொரு பேருல மளிகைக் கடைக்காரர் யாராச்சும் உண்டா?" என்றார்.

"தெரியல மாமா. ஆறு பேருக்குத்தான் சட்டம் தொழில் சொல்லுது. மீதி அஞ்சு பேர் யாரா வேணும்னாலும் இருக்கலாம்."

"அப்ப அதுல ஒன்னு நமக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தை மடித்து என்னிடம் நீட்டினார்.