எஜமானின் காதலும் ஏழைப் பெண்ணின் சம்மதமும்

கல்லூரி மாணவியான தம் மகளின் நாவல் ஒன்றைத் துணிப்பையில் மறைத்து எடுத்துக்கொண்டு ஒரு தாய் பங்கு இல்லத்திற்கு வந்தார். ‘டார்க் ரொமான்ஸ்’ என்று இன்று ஆங்கிலத்தில் வழங்கும் வகையைச் சேர்ந்த நூல் அது. கடத்திச் சென்றவனையே காதலிக்கும் பெண், ஆசிரியரிடம் மனத்தைப் பறிகொடுக்கும் மாணவி ஆகியோரே இக்கதைகளின் நாயகியர். முதற்பக்கத்திலேயே எச்சரிக்கைக் குறிப்பும் உண்டு; அதுவே பலருக்கு விளம்பரமாகிவிடுகிறது. “எரித்துவிடட்டுமா, சாமி?” என்றார் அந்தத் தாய். வேண்டாம் என்றேன்.

இக்கதை புதியதன்று. 1740-ஆம் ஆண்டில் சாமுவேல் ரிச்சர்ட்சன் என்னும் இலண்டன் அச்சக உரிமையாளர் ‘பமீலா’ என்ற நாவலை வெளியிட்டார். பமீலா பதினைந்து வயதுப் பணிப்பெண். எஜமானன் அவளை வஞ்சகமாகத் தன் மற்றொரு மாளிகைக்கு அனுப்பி அங்கே அடைத்து வைக்கிறான். அவள் இணங்கவில்லை. இறுதியில் அவன் மனம் மாறி அவளை மணக்கிறான். நற்பண்புக்குக் கிடைத்த பரிசு என்பது நூலின் துணைத்தலைப்பு. இலண்டன் போதகர் ஒருவர் பிரசங்க மேடையிலிருந்தே இந்நூலைப் பாராட்டினாராம். (எங்கள் கூட்டத்தாரும் ஏமாறுவதுண்டு.) சிறைவைத்தவனே பரிசாவது எங்ஙனம்?

1919-இல் ஈ. எம். ஹல் எழுதிய ‘த ஷேக்’ நாவலில் பாலைவனத்தில் கடத்தப்பட்டுப் பலவந்தத்திற்கு ஆளான பெண், கடத்தியவனையே காதலிக்கிறாள். 2011-இல் வெளிவந்த ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’ நாவலிலோ கோடீசுவரன் ஒருவன் மாணவியிடம் ஒப்பந்தத்தாளை நீட்டுகிறான்.

கதை வாசிப்பவள் விரும்பியபோது நூலை மூடிவிடலாம். அந்த அதிகாரம் அவளிடமே இருக்கிறது. இதை நான் மறுக்கவில்லை. கொடியவனுடைய நெஞ்சின் ஆழத்தில் அன்பு ஒளிந்திருப்பதாக ஆசிரியர் அவளுக்கு உறுதி கூறிவிடுகிறார். வாழ்க்கையில் அவ்வாறு உறுதி கூற எவருமில்லை. முதலாளியின் முன் நிற்பவளுக்குச் சம்பளமும், பேராசிரியரின் முன் நிற்பவளுக்கு மதிப்பெண்ணும் நினைவில் நிற்க, அவள் வாய் ‘சரி’ என்கிறது. அதனைச் சம்மதம் எனலாமா?

நூலைத் திருப்பிக் கொடுத்து, அதனுடன் குருமடத்து நாட்களில் நான் விரும்பி வாசித்த ‘ஜேன் அயர்’ நாவலையும் அந்தத் தாயிடம் கொடுத்தனுப்பினேன். 1847-இல் சார்லட் பிராண்டி எழுதியது. அதிலும் எஜமானன் ராச்செஸ்டர், அவன் வீட்டில் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஜேனைவிட ஏறத்தாழ இருபது வயது மூத்தவன். தன் மனைவியை மாடியறையில் பூட்டி வைத்திருப்பதை மறைத்தவன். திருமணத்தன்று உண்மை வெளிப்படுகிறது. தன்னுடனேயே தங்கிவிடுமாறு அவன் மன்றாடுகிறான். ஜேன் அவனை உயிராக நேசிக்கிறாள். ஆயினும் விடியற்காலையில் வெளியேறுகிறாள். கையில் இருந்ததெல்லாம் 20 ஷில்லிங். அது வண்டிக்கூலிக்கே போய்விட, பன்றிக்குக் கொட்டவிருந்த கஞ்சியை இரந்து வாங்கி உண்கிறாள். ‘மாட்டேன்’ என்னும் சொல்லின் விலையை இவ்வளவு நேர்மையாக எழுதியவர் சிலரே. பின்னர் சிறிய தந்தையின் சொத்து அவளுக்குக் கிடைக்கிறது. தீவிபத்தில் அவன் பார்வையையும் ஒரு கையையும் இழக்கிறான். அதன் பின்னரே, எவருக்கும் கட்டுப்படாத பெண்ணாக, அவள் தானே அவனைத் தேடி வருகிறாள்.

இரு வாரங்களுக்குப் பின் அம்மாணவி நூலைத் திருப்பித் தர வந்தாள். “ஜேன் போய்விட்டாள், ஃபாதர். மாடியில் பூட்டப்பட்டிருந்தவளை யாருமே ஏன் கேட்கவில்லை?” என்றாள். அவளுக்காகவே 1966-இல் ஜீன் ரீஸ் என்னும் பெண்மணி ஒரு நாவல் எழுதியிருக்கிறார் என்று சொன்னேன். பெயரைக் குறித்துக்கொண்டு போனாள்.