மொட்டைமாடியிலிருந்து இரட்டை விண்மீன்கள்

வெறுங்கண்ணுக்கு ஒற்றைப் புள்ளியாகத் தெரியும் விண்மீன்களில் பல, தொலைநோக்கியில் இரண்டாகப் பிரிகின்றன. இவற்றில் இரு வகை உண்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வெகு தொலைவில் இருந்தும், பூமியிலிருந்து பார்க்கையில் ஒரே திசையில் அமைந்துவிட்டவை ஒரு வகை. ஈர்ப்பால் பிணைந்து ஒன்றையொன்று சுற்றி வருபவை இன்னொரு வகை. ஐபீஸில் கண்ணை வைத்த மாத்திரத்தில் எது எந்த வகை என்று சொல்லிவிட முடியாது.

இந்த வேறுபாடு தெளிவாகவே வெகுகாலம் பிடித்தது. வானில் இத்தனை இரட்டைகள் தற்செயலாக அமைந்திருக்க வாய்ப்பில்லை என்று ஜான் மிச்செல் 1767இல் கணக்குப் போட்டுக் காட்டினார். வில்லியம் ஹெர்ஷல் அதை எளிதில் நம்பவில்லை. விண்மீன்களின் தூரத்தை அளக்க உதவும் என்றுதான் அவர் இரட்டைகளைத் தேடித் தொகுத்தார். 1782இல் வெளிவந்த அவருடைய முதல் பட்டியலில் 269 இரட்டைகள் இருந்தன. இருபது ஆண்டுகள் கழித்து அதே விண்மீன்களை மறுபடி அளந்தபோது சிலவற்றில் துணை விண்மீன் இடம் மாறியிருந்தது. 1803இல் அவர் அதை வெளியிட்டார். நியூட்டனின் ஈர்ப்பு விதி சூரியக் குடும்பத்துக்கு வெளியிலும் செல்லும் என்பதற்குக் கிடைத்த முதல் நேரடிச் சான்று அதுதான்.

தமிழர்களுக்கு ஓர் இரட்டை ஏற்கெனவே அறிமுகம். கல்யாணத்தில் அம்மி மிதித்த கையோடு காட்டப்படும் அருந்ததியும், அதை ஒட்டியிருக்கும் வசிட்டரும் சப்தரிஷி மண்டலத்தில் வெறுங்கண்ணுக்கே தனித்தனியாகத் தெரிகின்றன. (பகல் முகூர்த்தத்தில் புரோகிதர் காட்டும் திசையில் மணமக்கள் பார்ப்பது பெரும்பாலும் பந்தலின் கூரையைத்தான்.) சிறு தொலைநோக்கியைத் திருப்பினால் வசிட்டரே 14 வில்விநாடி (இந்த அளவின் விளக்கம் பின்னால் வருகிறது) இடைவெளியில் இரண்டாகப் பிரிவார். கலிலியோவின் மாணவர் காஸ்டெல்லி 1617இலேயே இதைக் கவனித்தார். பின்னாளில் நிறமாலை ஆய்வில் அந்த இரண்டும் தனித்தனியே இரட்டைகள் என்று தெரிந்தது. 2009இல் அருந்ததிக்கும் ஒரு மங்கலான துணை கண்டுபிடிக்கப்பட்டது. ஆக, அந்த ஜோடியில் இருப்பவை ஆறு.

புதுச்சேரிக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் ஜான் ரிஷோ, 1689 டிசம்பரில் அங்கிருந்து ஒரு வால்விண்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பக்கத்தில் இருந்த ஆல்பா சென்டாரி இரண்டாகத் தெரிந்தது. சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் தொகுதி இரட்டை என்று முதலில் கண்டது இந்தக் கடற்கரையிலிருந்துதான். ஊரில் இதைச் சொல்லும் பலகை ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும்.

இரட்டைகளின் இடைவெளியை வில்விநாடியில் சொல்வார்கள். ஒரு டிகிரியில் 3,600 வில்விநாடிகள். நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி வைத்த ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம் ஏறத்தாழ ஒரு வில்விநாடி. எந்தத் தொலைநோக்கி எதைப் பிரிக்கும் என்பதற்கு டாஸ் என்ற ஆங்கிலேயப் பார்வையாளர் வகுத்த எளிய விதி உண்டு: 116ஐ, மில்லிமீட்டரில் சொன்ன முகப்பு விட்டத்தால் வகுக்க வேண்டும். 60 மி.மீ. கருவிக்கு 1.9 வில்விநாடி, 100 மி.மீ. கருவிக்கு 1.2. இரண்டும் ஒரே அளவு பிரகாசமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். ஒன்று வெகு பிரகாசமாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தால் பத்து வில்விநாடி இடைவெளிகூடப் போதாமல் போகும். சிரியசின் துணை 1862 வரை யார் கண்ணிலும் படாமல் இருந்தது அதனால்தான்.

இந்த விதியில் உருப்பெருக்கம் வரவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சிறிய கருவியின் அட்டைப்பெட்டியில் ‘525 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டு விற்கிறார்கள். முகப்பு விட்டத்தின் மி.மீ. கணக்கைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கினால் கிடைப்பது பெரிய மங்கல் மட்டுமே. அந்தப் பெட்டியை நம்பிப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்து, புகைப்படத்தில் கண்ட வண்ண மேகங்கள் தெரியாத ஏமாற்றத்தில் அலமாரி மேல் ஏற்றப்பட்ட தொலைநோக்கிகள் ஏராளம். நகரத்து ஒளி வெள்ளம் மங்கலான மேகங்களையும் அண்டங்களையும் விழுங்கிவிடும். இரட்டை விண்மீனை ஒன்றும் செய்யாது. முழுநிலவும் அப்படித்தான். தெருவிளக்குக்கு நடுவில் வசிப்பவருக்கு வானம் விட்டுவைத்திருக்கும் சொத்து இது. அதைத்தான் பலர் தொடுவதேயில்லை.

உண்மையான எதிரி காற்று. மொட்டைமாடித் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் விட்டுக்கொண்டே இருக்கும். அந்த அலையில் விண்மீன் கொதிக்கும் புள்ளியாகத் துடிக்கும். கருவியை அரை மணி, ஒரு மணி முன்பே வெளியே வைத்து ஆறவிட வேண்டும். நியூட்டன் வகைத் தொலைநோக்கியானால் அதன் இரு கண்ணாடிகளும் நேராக இருக்கின்றனவா என்று பார்ப்பது அவசியம். எல்லாம் சரியாக இருந்தால் அதிக உருப்பெருக்கத்தில் விண்மீன் ஒரு குட்டி வட்டாகவும், அதைச் சுற்றி மெல்லிய வளையங்களாகவும் நிற்கும். நெருக்கமான இரட்டையில் இரண்டு வட்டுகள் தொட்டுக்கொண்டு நிற்கும். காற்று அடங்கும் ஓரிரு கணங்களில் நடுவே ஒரு கறுப்புக் கீற்று தெரிந்து மறையும்.

தொடங்குவதற்குப் பஞ்சாங்க நட்சத்திரங்களே போதும். அனுஷக் கூட்டத்தின் வடக்கு விண்மீன் 13 வில்விநாடியில் சுலபமாகப் பிரியும். புனர்பூசத்தின் இரண்டில் ஒன்றான காஸ்டர் ஐந்து வில்விநாடி அளவில், வெள்ளையாக. மகத்தின் அருகே இருக்கும் அல்ஜீபா இரண்டும் பொன்னிறம். நிறத்துக்குப் பேர்போனது அன்னத்தின் அலகில் இருக்கும் ஆல்பிரியோ: ஒன்று மஞ்சள், மற்றது நீலம், இடைவெளி 35 வில்விநாடி. அவை உண்மையிலேயே பிணைந்தவையா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை.

இவை எல்லாவற்றிலும் விசித்திரமானது போரிமா. சித்திரைக்கும் உத்திரத்துக்கும் கிட்டத்தட்ட நடுவே, வானநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் தமிழ்நாட்டில் ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேலேயே வரும். அங்கே காற்றின் தொல்லை குறைவு. இரட்டைப் பிள்ளைகளைப் போல ஒரே பிரகாசமுள்ள இரு விண்மீன்கள், 169 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. பாதை மிக நீண்ட நீள்வட்டம். விலகி நிற்கையில் ஆறு வில்விநாடி வரை இடைவெளி. எந்தச் சிறு கருவியும் பிரிக்கும். நெருங்கும்போதோ, இரண்டுக்கும் இடையிலான தூரம் சூரியனுக்கும் வியாழனுக்கும் உள்ள அளவுக்குக் குறுகிவிடும். 1836இல் தென்னாப்பிரிக்காவில் இருந்த ஜான் ஹெர்ஷலுக்கு அது ஒற்றை விண்மீனாகவே தெரிந்தது. தந்தை அளந்த இரட்டையை மகன் தேடியும் காணவில்லை. அடுத்த நெருக்கம் 2005இல் வந்தது, இடைவெளி 0.4 வில்விநாடி. கெப்ளரின் விதிப்படி நெருங்கியபோது வேகம் கூடி, அந்த ஓராண்டிலேயே ஜோடியின் கோணம் பல பத்து டிகிரி திரும்பியது. 2020 வாக்கில் மூன்று வில்விநாடியை நெருங்கி, மறுபடி சிறு தொலைநோக்கிக்குள் வந்துவிட்டது. ‘வானத்தில் ஒன்றும் மாறாது’ என்பவர்கள் பார்க்க வேண்டிய விண்மீன் இது.

சுற்றுப்பாதை தெரிந்தால் விண்மீனின் எடையே தெரிந்துவிடும். ஆல்பா சென்டாரியில் இரண்டுக்கும் இடையே சராசரி தூரம், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல 23.4 மடங்கு, சுற்றும் காலம் 80 ஆண்டுகள். முதலாவதன் முப்படியை இரண்டாவதன் இருபடியால் வகுத்தால் இரண்டு வரும். இரண்டும் சேர்ந்து இரு சூரியன்களின் எடை, அவ்வளவுதான் கணக்கு. சென்னை வானாய்வகத்தின் தலைவராக இருந்த ஜேக்கப் இந்த வழியில் இன்னும் ஓரடி போனார். 70 ஒபியூக்கி என்ற இரட்டை கணக்கிட்ட பாதையில் செல்லாததைக் கண்டு, அங்கே ஒரு கோள் இருக்கலாம் என்று 1855இல் எழுதினார். அது நிலைக்கவில்லை என்றாலும், பிற விண்மீனுக்குக் கோள் உண்டென்று அளவீட்டை வைத்து வாதிட்ட முதல் முயற்சிகளில் அது ஒன்று.

இப்படிப் பாதையைக் கணக்கிட, ஓர் இரட்டையில் அளக்க வேண்டியவை இரண்டு எண்கள்: இடைவெளி, திசைக்கோணம். பிரகாசமான விண்மீனை மையமாக வைத்து, வடக்கிலிருந்து கிழக்கு வழியாகத் துணை எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதே திசைக்கோணம். ஐபீஸில் திசைகள் தலைகீழாகவோ இடவலம் மாறியோ இருப்பதால் புதியவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். கருவியை அசைக்காமல் விட்டால் விண்மீன் எந்த விளிம்பில் போய் மறைகிறதோ அது மேற்கு. குழாயைத் துருவ விண்மீன் பக்கமாக மெல்லத் தள்ளினால் புதிய விண்மீன்கள் நுழையும் விளிம்பு வடக்கு. ஐபீஸ் காட்டும் வட்டத்தின் அகலத்தையும் இதே முறையில் அளக்கலாம்: வானநடுக்கோட்டை ஒட்டிய விண்மீன் விநாடிக்கு 15 வில்விநாடி நகரும். போரிமா விளிம்பிலிருந்து விளிம்புக்கு நடுவழியாகக் கடக்க ஒரு நிமிடம் ஆனால் வட்டத்தின் அகலம் 900 வில்விநாடி, அதாவது கால் டிகிரி.