கணிப்பொறியில் பாட்டுக் கட்டிய காலம்

சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வருகையில், அன்பர் ஒருவர் என்னை நிறுத்தி, "தாங்கள் ஆர்மோனியம் வாசிப்பது தெரியும், இளமையில் கணிப்பொறியிலும் பாட்டுக் கட்டினீர்களாமே, அஃது என்ன வித்தை?" என்று வினவினார். இரயிலடியில் நின்றவாறு சொல்லி முடிக்கக்கூடியதன்று அது, ஆகவே எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எனினும், பட்டதைச் சொல்வதற்குப் பட்டம் எதற்கு?

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் நம் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டபோது எனக்கு வயது 12. சாம்பியன் ரீப்பில் வேலை பார்த்த என் தந்தையார், (வீட்டில் நாங்கள் "நைனா" என்றே அழைப்போம்) தம் தூக்குப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்துப் பரண்மேல் வைத்தார். பின்னர் அதையே இறக்கி எடுத்துக்கொண்டு, மாரிக்குப்பத்தில் காலை வண்டி ஏறிப் பெங்களூருக்குக் காவல் வேலைக்குப் போகலானார். நான்கு ஆண்டு கழித்து, ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட பழைய கணிப்பொறி ஒன்றைச் சொற்ப விலைக்கு வாங்கி, மடியில் வைத்துக்கொண்டே வண்டியில் வந்து சேர்ந்தார். நான் கணக்கு எழுதப் பழக வேண்டும் என்பது அவர் எண்ணம். நான் பழகியதோ வேறு.

என் நண்பன் ஒருவன் ஒரு பிளாப்பித் தகட்டில் "இம்பல்ஸ் டிராக்கர்" என்னும் நிரலைக் கொண்டுவந்து கொடுத்தான். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜெப்ரி லிம் 1995-இல் வெளியிட்டது அது. விலை கிடையாது. இணையம் இல்லாத வீட்டிலும் இயங்கும்.

டிராக்கர் என்றால் யாது? திரையில் நெடுக்காகப் பத்திகள் நிற்கும். ஒவ்வொரு பத்தியும் ஒரு வாத்தியக்காரர் அமரும் இருக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தியில் மேலிருந்து கீழாக வரிகள் ஓடும். ஒவ்வொரு வரியிலும் இன்ன சுரம், இன்ன ஒலி, இவ்வளவு உரப்பு, இன்ன அசைவு என்று எழுத்தாலும் எண்ணாலும் குறிக்க வேண்டும். எழுதி முடித்து விசையைத் தட்டினால், எழுதியது எழுதியபடியே ஒலிக்கும். ஒலிகளோ, நாமே பதிவுசெய்து வைக்கும் சிறு சிறு துண்டுகள். ஒரு துண்டை வேகமாக ஓட்டினால் சுரம் உயரும். மெதுவாக ஓட்டினால் தாழும். ஒரு மணியோசை கையிலிருந்தால் முழு ஏழு சுரமும் கையிலிருப்பதாக அர்த்தம்.

இதைக் கண்டவுடன் என் பஜனை ஆசிரியர் ஒரு பெருநூலை நினைவூட்டினார். சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் அச்சிட்டு வெளியிட்ட சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி அது. அதில் சுரங்களுக்கு மேல் கமகங்களுக்கென்று தனித்தனிக் குறிகள் உண்டு. டிராக்கரில் சுரத்தை வழுக்கவும் நடுக்கவும் இடும் குறிகளும் அவ்வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் ஆசிரியர் சும்மா விடவில்லை. "குறி இட்டால் கமகம் வந்துவிடுமா?" என்றும் ஒரு குத்துக் குத்தினார். அதுவும் மெய்தான். மிச்ர சாபுவுக்கு வரிசையின் நீளத்தை 56 வரியாக அமைத்துக்கொண்டு தாளத்தைச் சரிக்கட்டினேன். தோடியைச் சரிக்கட்ட என்னால் ஆகவில்லை.

இக்கலையின் பிறப்பிடம் ஐரோப்பா. 1987-இல் செருமனியின் கார்ஸ்டன் ஓபார்ஸ்கி, அமிகா என்னும் வீட்டுக் கணிப்பொறிக்காக "அல்டிமேட் சவுண்டிராக்கர்" என்னும் நிரலை இயற்றினார். அமிகாவின் ஒலிச் சில்லில் தடங்கள் நான்கே நான்கு. மேளம் ஒன்று, அடிநாதம் ஒன்று என்று கொடுத்துவிட்டால், மிச்சம் இரண்டில் பாட்டு முழுவதும் அடங்க வேண்டும். இளைஞர் என்ன செய்தனர் தெரியுமா? மூன்று சுரங்களை ஒரே தடத்தில் கண்ணிமைக்கும் வேகத்தில் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து, மூன்றும் கூடி ஒலிப்பதுபோலக் காதை ஏமாற்றினர். வறுமையில் வந்த அறிவு அது. விற்பனைக்கு வந்த அந்நிரலைச் சிலர் பிரித்துப் பார்த்துத் திருத்த, நாய்ஸ்டிராக்கர், புரோடிராக்கர் என்று அடுத்தடுத்து வந்தன.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. இசைத்தட்டைக் கேட்கலாம், அதைப் பிரித்துப் பார்க்க இயலாது. டிராக்கர்ப் பாட்டிலோ சுரமும் ஒலித்துண்டும் ஒரே கோப்பில் திறந்தே கிடக்கும். யாரும் திறந்து, இன்னார் இவ்விடத்தில் இதை இப்படிச் செய்தார் என்று வரிவரியாகக் கற்கலாம். இத்தகடுகள் சுவீடன், நார்வே, பின்லாந்து, செருமனி என்று அஞ்சலிலேயே பயணம் செய்தன. ஒலித்துண்டுகளுக்குப் பெயர் எழுதும் இடத்தில் நண்பர்க்கு வாழ்த்தும் சேதியும் எழுதி அனுப்புவர். பின்லாந்து 2020-இல் இவ்விளைஞர் கலையைத் தன் மரபுச் செல்வங்களின் பட்டியலிலேயே சேர்த்துக்கொண்டது. டென்மார்க்கின் ஜெஸ்பர் கிட் இவ்வழியே வளர்ந்து பெரும் கணிப்பொறி விளையாட்டுகளுக்கு இசை அமைத்தார். ஸ்காட்லாந்தின் கால்வின் ஹாரிஸ் 2007-இல் வெளியிட்ட தம் முதல் இசைத்தட்டை அமிகாவில் உருவாக்கியவர்.

என்னிடம் நல்ல ஒலித்துண்டுகள் இல்லை. ஆகவே ஒரு மலிவான ஒலிவாங்கியின் முன் நைனாவின் தூக்குப் பாத்திரத்து மூடியைக் கரண்டியால் தட்டிப் பதிவுசெய்தேன். மேலே ஏற்றினால் சலங்கை. கீழே இறக்கினால் கோயில் மணி. அந்த ஒரு மூடியிலிருந்தே நாலைந்து வாத்தியம் பிறந்தது. முழுப்பாட்டும் 200 கிலோபைட்டுக்குள் அடங்கியது. 1902-இலேயே சிவசமுத்திரத்து மின்சாரம் கண்ட ஊர் நம் ஊர். நூறாண்டு கழித்து நான் பாட்டுக் கட்டும் மாலைகளில் மட்டும் அது வருவதும் போவதுமாக இருந்தது!

ஒரு நாள் இரவு நைனா என் பின்னால் நின்று முழுவதையும் கேட்டார். பாராட்டுவார் என்று திரும்பினேன். "நாலு பேர் வாசிக்கிறதை ஒரு பெட்டி வாசிச்சா, அந்த நாலு பேர் வீட்ல அடுப்பு எப்படிடா எரியும்?" என்றார். வேலை போனவர் கேட்ட கேள்வி அது. எனக்கு விடை தெரியவில்லை.

பின்னாளில் ஏ. ஆர். ரகுமானின் வரலாற்றைப் படிக்கையில் அக்கேள்வி மீண்டும் வந்தது. அவர்தம் தந்தையார் ஆர். கே. சேகர் 1976-இல் மறைந்தபோது மகனுக்கு வயது ஒன்பது. தந்தை விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே குடும்பம் பிழைத்தது. சிறுவர் பள்ளியை விட்டு இளையராஜா முதலியோர் குழுக்களில் மின்விசைப் பலகை வாசித்தார். 1989-இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். 1992-இல் "ரோஜா" வெளிவந்து தேசிய விருதும் பெற்றார். அவர் கையாண்டது டிராக்கர் அன்று. ஆயினும் வீட்டு மூலையில் பொறியோடு தனித்திருந்து இசை அமைத்த முறை இதற்கு உறவுதான். இந்தப் பொறி அவருக்கு வாசல் திறந்தது. அதே காலத்தில் கோடம்பாக்கத்துத் தந்தி வாத்தியக்காரர் பலருக்கு அழைப்புக் குறைந்ததும் உண்மை. ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பது முறையன்று. நைனாவின் கேள்விக்கு என்னால் இன்றும் பாதி விடைதான் தர இயலும்: எங்கள் தெருவில் நாலு வாத்தியக்காரரை அமர்த்த எவரிடமும் காசில்லை. பொறி இராவிடின் அப்பாட்டே இராது.

என் தகடுகள் பெரும்பாலும் அழிந்தன. காற்றுக் காலத்தில் சயனைடு மண்மேட்டுத் தூசி வீட்டுக்குள் வந்து எதன்மேல்தான் படியவில்லை! வேலை கிடைத்ததும் நானும் பயணச்சீட்டும் பேரேடுமாக ஆகிவிட்டேன், பொறியைத் தொடவில்லை. சென்ற பொங்கலன்று என் மகள், பெட்டியிலிருந்த கடைசித் தகட்டை எவ்வாறோ படித்து, "ஓப்பன் எம்பிடி" என்னும் இலவச நிரலில் திறந்தாள். பாட்டு ஓடியது. பெயர்ப் பட்டியலில் நான்காம் இடத்தில் ஆங்கில எழுத்தில் "நைனா தூக்கு மூடி" என்று நான் எழுதியிருந்ததை அவள் வாய்விட்டு வாசித்தாள்.

திண்ணையிலிருந்த நைனா எழுந்து உள்ளே வந்தார். "அது என் பாத்திரமாச்சே" என்றார். நேரே பரணை நோக்கி நடந்தார். மூடி கிடைத்தது, பாத்திரத்தைக் காணோம்.

கற்க விரும்பும் பிள்ளைகள் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்கத்துக்கு வரலாம். பழைய மடிக்கணினி ஒன்று கொண்டுவருகிறேன். ஆர்மோனியமும் உண்டு.